நடுவில் தேய்ந்த டயர்: ஒரு ஜிம்னிக்கு டயர் மாற்றிய முழுக் கணக்கு

2024 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். தென்னாப்பிரிக்காவில், ஹோவிக் பக்கம் ஒரு பண்ணையில் தண்ணீர் மோட்டார் மாற்றிவிட்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் திரும்பிக்கொண்டிருந்தேன். ஹில்டன் தாண்டியதும் என்3 நெடுஞ்சாலை டவுன் ஹில்லில் இறங்கும். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த இறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. டர்பன் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் எல்லாம் அந்த வழிதான். அன்றைக்கு மூடுபனியோடு மழையும் சேர்ந்துகொண்டது.

முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு எரிந்ததும் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். காலுக்கடியில் குடகுடவென்று அடித்தது, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டது, கீழே சக்கரம் இருப்பதே தெரியாதது மாதிரி. ஒரு நொடி, மிஞ்சிப் போனால் ஒன்றரை நொடி இருக்கும். அப்புறம் டயர் மறுபடி தாரைப் பிடித்தது. லாரிக்கும் எனக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற இடம் மிச்சம் இருந்தது. பக்கத்து சீட்டில் என் உதவியாளர் தம்பி இருந்தார். இரண்டு பேரும் வீடு வந்து சேரும்வரை பேசவில்லை.

டயர் மாற்ற வேண்டும் என்று அன்று இரவே முடிவாகிவிட்டது. எந்த டயர், எவ்வளவு செலவு என்பதற்குத்தான் பத்து நாள் பிடித்தது. அந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு ஓடிய 21,000 கிலோமீட்டரில் தெரிந்ததையும் எழுதுகிறேன். சின்ன நாலு சக்கர இழுவை வண்டி வைத்துக்கொண்டு, கையிருப்பைப் பார்த்துச் செலவு செய்கிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

வண்டியும் அதன் வேலையும்

வண்டி 2019 மாடல் சுசுகி ஜிம்னி, 1.5 லிட்டர் பெட்ரோல். 2021-ல் 22,000 கி.மீ. ஓடிய நிலையில் வாங்கினேன். சம்பவம் நடந்த அன்று மீட்டரில் 58,000. டயர்கள் வண்டியோடு வந்தவைதான், 195/80 ஆர் 15 அளவில், தார் ரோட்டுக்கென்று செய்த எச்.டி. வகை.

எனக்குத் தொழில் பண்ணைகளுக்குப் பம்பு, குழாய், சோலார் மோட்டார் பொருத்துவது. இதற்கு முன் வைத்திருந்தது ஒரு டன் பக்கி. பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டியை இங்கே எல்லோரும் பக்கி என்றுதான் சொல்வார்கள். அதை விற்று இதை வாங்கியதற்குக் காரணம் பெட்ரோல் செலவு. பக்கியிலிருந்து ஜிம்னிக்கு மாறியபோது வண்டியை மட்டும் மாற்றினேன், பழக்கத்தை மாற்றவில்லை. இந்தக் கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

முதலில் பழைய டயர் ஏன் செத்தது

மறுநாள் காலை வெயில் வந்ததும் அளவுகோலை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுத்தேன். பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள், அவற்றின் ஆழம் அளக்கிற கருவி பேனா மாதிரி இருக்கும், விலையும் ஒன்றும் பெரிதில்லை. பள்ளத்துக்குள் ஊசியை இறக்கினால் மிச்சம் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடும். ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளந்தேன்.

ஓரங்களில் 5.1, 5.0, 5.2. நடுவில் 2.6. பின் டயர்களின் நடுவில் 2.4.

நின்று பார்த்தால் ஓரத்துப் பட்டன்தான் கண்ணில் படும். அதைப் பார்த்துத்தான் ‘இன்னும் ஒரு வருஷம் ஓடும்’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மழையில் தண்ணீரை வாங்கி வெளியே தள்ள வேண்டியது நடுப் பள்ளங்கள். அவற்றின் ஆழம் குறைந்துவிட்டால் தண்ணீருக்குப் போக இடமில்லை, டயர் அதன் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். டவுன் ஹில்லில் ஸ்டீயரிங் லேசானது அதனால்தான்.

இந்த டயர் சட்டப்படி நல்ல டயர் என்பதையும் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்கச் சாலை விதி கேட்பது 1 மில்லிமீட்டர்தான். டயர் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னத் திட்டு மாதிரி இருக்கும் தேய்மான அடையாளம் 1.6 மில்லிமீட்டரில் வைக்கப்பட்டிருக்கிறது, அதையும் என் டயர் தொடவில்லை. போலீஸ் நிறுத்திப் பார்த்திருந்தால் போகச் சொல்லியிருப்பார்கள். மழைக்கும் சட்டத்துக்கும் ஒரே அளவு இல்லை. இனி என் வண்டியில் 3 மில்லிமீட்டர் வந்தால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அன்றைக்கு ஒரு கோடு போட்டேன். பின்னால் வரும் விலைக் கணக்கெல்லாம் இந்தக் கோட்டை வைத்துத்தான்.

சரி, நடு மட்டும் ஏன் தேய்ந்தது? வண்டி இரவு முழுக்க நின்று டயர் ஆறியிருந்தபோதே காற்றழுத்தம் பார்த்தேன். முன்னால் 2.6 பார், பின்னால் 2.5. ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தேன், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. 1.8 என்று போட்டிருந்தது.

இந்த நாட்டில் பெட்ரோல் பங்க்கில் நாமே இறங்கி அடிப்பதில்லை. பெட்ரோல், கண்ணாடி துடைப்பது, காற்று எல்லாம் அங்கே நிற்கும் பணியாளர்தான் பார்ப்பார். வண்டி நின்றதும் வணக்கம் சொல்லி, காற்று எவ்வளவு என்று கேட்பார். பக்கி காலத்திலிருந்து என் வாயில் ஒரே பதில்: ‘டூ பாயின்ட் ஃபைவ்’. அவர் கேட்டதை நான் சொன்னேன், நான் சொன்னதை அவர் அடித்தார். ஒரு டன் சுமக்கிற பக்கிக்குப் பொருந்திய காற்றை, வெறும் வண்டியாகச் சுமார் 1,100 கிலோ மட்டுமே இருக்கும் ஜிம்னிக்கு மூன்று வருஷம் அடித்திருக்கிறேன். எடை குறைவு, காற்று அதிகம். டயர் நடுவில் உப்பி, அந்த உப்பல்மேலேயே 36,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

ஓரத்தில் மிச்சமிருந்த ஐந்து மில்லிமீட்டர் நடுவிலும் இருந்திருந்தால் அந்த டயர்கள் இன்னும் ஒன்றரை வருஷம் தாராளமாக ஓடியிருக்கும். எந்த பிராண்ட் மலிவு என்று தேடுவதற்கு முன் இதை அளந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் புது டயரையும் அதே மாதிரி நடுவில் தேய்த்திருப்பேன்.

எந்த ரோட்டில் எவ்வளவு ஓடுகிறேன்

என்ன டயர் வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் முதலில் ஓர் ஆசையைத்தான் சொல்வோம். எனக்கும் பெரிய பட்டன் வைத்த, பக்கச்சுவரில் வெள்ளை எழுத்து போட்ட டயர்மேல் ஆசை இருந்தது. ஆசையை ஓரமாக வைத்துவிட்டு வேலை நோட்டைத் திறந்து, கடைசி மூன்று மாதப் பயணங்களை ரோடு வாரியாகப் பிரித்தேன். தார் ரோடு நூற்றுக்கு 78. ஜல்லி, செம்மண் சேர்த்து 19. புல்வெளி, சேறு, ஆற்றோரம் எல்லாம் சேர்த்தே 3.

சேற்று டயர் எனப்படும் எம்.டி. வகை அங்கேயே அடிபட்டுப் போயிற்று. நூற்றில் மூன்று கிலோமீட்டருக்காக மிச்சம் தொண்ணூற்றேழு கிலோமீட்டரும் இரைச்சலையும் ஈரத் தாரில் நீளும் பிரேக் தூரத்தையும் சுமக்க வேண்டும். டவுன் ஹில்லில் வழுக்கியவன் வாங்குகிற டயர் அது இல்லை.

இனி எச்.டி.யா, இரண்டுக்கும் நடுவான ஏ.டி.யா என்பது மட்டும்தான் கேள்வி. அந்த 19 சதவீத ஜல்லி ரோடு எப்படிப்பட்டது என்று யோசித்தேன். அண்டர்பர்க், ஹிம்வில் பக்கத்துப் பண்ணை ரோடுகளில் கூர்மையான கருங்கல் துண்டுகள் தலைநீட்டிக்கொண்டிருக்கும். என் பழைய நான்கு டயரில் இரண்டில் பஞ்சர் ஒட்டு, ஒன்றில் பட்டன் துண்டாகப் பெயர்ந்திருந்தது. எல்லாம் அந்த ரோடுகளில் வாங்கிய அடி. அதனால் ஏ.டி. என்று முடிவு செய்தேன். தார் ரோட்டை விட்டு இறங்காத ஜிம்னிக்காரர் யாராவது கேட்டால் எச்.டி.தான் சொல்வேன். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு ஏ.டி. என்பது பெட்ரோலைத் தின்னும் அலங்காரம்.

அளவு: பெரிதாக்க வேண்டாம் என்று ஏன் முடிவு செய்தேன்

ஜிம்னி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சுதான் முதலில் வரும். 195/80 ஆர் 15 கடைகளில் பரவலாக வைத்திருக்கும் அளவு இல்லை. 215/75, 235/75 எளிதாகக் கிடைக்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 195-ல் 80 சதவீதம் 156. மேலும் கீழுமாக இரண்டு சுவர் 312. 15 அங்குல ரிம் 381. மொத்த உயரம் 693 மி.மீ. இதே கணக்கில் 215/75 சுமார் 703 வரும், ஒன்றரை சதவீதம் கூடுதல். 235/75 சுமார் 733, கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூடுதல். அதாவது மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பு போனதைவிட ஆறு சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். கியர் விகிதமும் அதே அளவு இழுவையை இழக்கும். 75 கிலோவாட் இன்ஜின். என்3-ல் ஹில்டன் ஏற்றத்தில் ஏற்கெனவே லாரிகளோடுதான் ஏறுகிறேன், அங்கே ஆறு சதவீதத்தைத் தானம் செய்ய என்னிடம் இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டிவரும்.

215/75-ஐ அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது, ஒன்றரை சதவீதம் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் எனக்குக் கிடைத்த 215/75 டயர்கள் எல்லாம் எல்.டி. வகை, லைட் டிரக்குக்கென்று செய்தவை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ‘உறுதியான டயர்தானே நல்லது’ என்று நினைத்துப் பணத்தை விடுகிறவர்களைப் பார்த்துவிட்டேன்.

டயரின் பக்கத்தில் அளவுக்கு அடுத்து ஓர் எண் இருக்கும். என் பழைய டயரில் 96. அது சுமை எண். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். நான்கு டயர் 2,840 கிலோ. ஜிம்னி ஆட்களையும் சாமான்களையும் முழுக்க ஏற்றிக்கொண்டு போகும்போதே அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,435 கிலோதான். சாதாரண கார் வகை டயரே தேவையைப் போல இரண்டு மடங்கு தாங்குகிறது. அதற்கு மேல் எல்.டி. டயர் கொடுக்கிற தாங்குதிறன் இந்த வண்டிக்குப் பயன்படாது. அந்தத் தடித்த பக்கச்சுவர் பக்கியின் எடைக்கு வளைந்துகொடுக்கும், ஜிம்னியின் எடைக்கு வளையாது. வளையாத டயர் ஜல்லியில் குதிக்கும், பாறையைக் கவ்வாது, முதுகெலும்பையும் பதம் பார்க்கும். டயரின் எடையும் கூடுதல், சுற்றுவதற்கு இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். கருங்கல்லில் தினமும் ஓடுகிறவருக்குப் பக்கச்சுவர் கிழியாமல் இருக்க அது உதவும் என்பது உண்மை. நூற்றில் பத்தொன்பது கிலோமீட்டர் ஜல்லி ஓடுகிற எனக்கு அது வேண்டாம்.

ஆக, அதே அளவு, கார் வகை, ஏ.டி. யோக்கோஹாமா ஜியோலாண்டர், ஜெனரல் கிராபர் போன்ற வரிசைகளில் இந்த அளவு வருகிறது. தேடினால் இன்னும் சில கிடைக்கும், கடைக்காரர் வரவழைத்துத் தர நாலைந்து நாள் கேட்பார்.

இரண்டு மட்டும் போதுமா

காசு இறுக்கமாக இருந்த மாதம் அது. இப்போது இரண்டு, தீபாவளி வியாபாரப் பாக்கி வந்ததும் இரண்டு என்று யோசித்தது உண்மை. வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள்.

ஜிம்னியில் அது சரிப்படாது. சாதாரணமாகப் பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். நாலு சக்கரமும் இழுக்க வைக்கும் 4எச் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் வித்தியாசத்தை விழுங்க ஒன்றும் கிடையாது. முன்னால் தேய்ந்த சின்ன வட்டம், பின்னால் புதுப் பெரிய வட்டம் என்றால் இரண்டும் ஒரே தூரத்துக்கு வேறு வேறு சுற்று சுற்ற வேண்டும். ஜல்லியில் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். பிடிப்பான தரையில் எல்லா இறுக்கமும், இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல்சக்கரங்களுக்குப் போகும். அதைப் பழுது பார்க்கிற செலவில் நான்கு டயர் இல்லை, இரண்டு செட் டயரே வாங்கலாம். அதனால் நான்கும் ஒரே நாளில், ஒரே மாதிரி என்று தீர்மானித்தேன். பம்பு வாங்க வைத்திருந்த பணத்தில் கை வைத்தேன்.

கடைகள், விலைகள், ஒரு மில்லிமீட்டரின் விலை

நார்த்டேலில் இருக்கிறேன். பக்கத்தில் ரெய்ஸ்தார்ப் வழியாகப் போகும் சோட்டா மோட்டாலா ரோடுதான் எங்கள் கடைத்தெரு. பெரியவர்கள் இன்னும் பழைய கிரேடவுன் ரோடு என்றே சொல்வார்கள். அங்கே ஒரு டயர் கடைக்காரர், அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் மதராஸ் கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், தமிழ் என்றால் தம்பி, அண்ணா, அம்மா, ஐயோ. என்னை எப்போதும் தம்பி என்பார், நான் அண்ணா என்பேன். புது டயரும் விற்கிறார், பழைய டயரும் விற்கிறார். அவரிடமே கேட்டேன்.

“அண்ணா, நீங்கள் உங்கள் மகளின் வண்டிக்குப் பழைய டயர் போடுவீர்களா?”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “போடமாட்டேன் தம்பி.”

அந்த நேர்மைக்காக அவரிடமே வாங்கினேன்.

பழைய டயரைப் பற்றிய கணக்கு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் கடையில் என் அளவில் இருந்த பழைய டயர் ஒன்று 550 ராண்ட், மிச்சப் பட்டன் 4.5 மி.மீ. என் கோடு 3 மில்லிமீட்டர். ஆக நான் காசு கொடுத்து வாங்குவது வெறும் 1.5 மில்லிமீட்டர் ரப்பர். ஒரு மில்லிமீட்டர் 367 ராண்ட்.

இதே மாதிரி மற்றவற்றையும் வகுத்தேன். மலிவான புது எச்.டி. 1,250 ராண்ட், பட்டன் 8 மி.மீ., பயன்படுவது 5, ஒரு மில்லிமீட்டர் 250. நடுத்தர விலை ஏ.டி. 1,780 ராண்ட், நானே கடையில் அளந்த பட்டன் 9.6, பயன்படுவது 6.6, ஒரு மில்லிமீட்டர் 270. பேர்போன பிராண்ட் ஏ.டி. 2,600 ராண்ட், 10.5, பயன்படுவது 7.5, ஒரு மில்லிமீட்டர் 347.

கடையிலேயே குறைந்த விலைச் சீட்டு ஒட்டியிருந்த பழைய டயர்தான் இதில் எல்லாவற்றையும்விட அதிக விலை. 550 ராண்ட் என்றதும் கை பையைத் தேடுகிறது, வாங்குவது எவ்வளவு ரப்பர் என்று யாரும் பார்ப்பதில்லை. தேய்ந்த டயரில் கத்தியால் பள்ளத்தை ஆழப்படுத்தி விற்கிறவர்களும் ரோட்டோரங்களில் உண்டு. அதில் உள் கம்பிக்கு மேல் இருக்க வேண்டிய ரப்பரையே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு குழந்தைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகும் வண்டிகளைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

இந்தக் கணக்குக்கு ஒரு குறை உண்டு. எல்லா ரப்பரும் ஒரே வேகத்தில் தேயாது, கலவை மாறும். மலிவு டயரின் ஒரு மில்லிமீட்டர் சீக்கிரம் தீரலாம். அதனால் 250-க்கும் 270-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கவில்லை, ஜல்லிக்குத் தாங்கும் ஏ.டி. பக்கம் போனேன். 367-ஐயும் 270-ஐயும் அப்படி விட்டுவிட முடியாது.

உள்நாட்டுத் தயாரிப்பா, இறக்குமதியா என்றும் கொஞ்சம் யோசித்தேன். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே லேடிஸ்மித்தில் டன்லப் டயர் செய்கிறார்கள். சீன டயர்களுக்கு 2023-லிருந்து குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலைக்கு இறக்குமதி செய்து குவிப்பதைத் தடுக்கும் வரி) இருக்கிறது, அதனால் அவற்றின் விலையும் முன்பு மாதிரி இல்லை. நான் டயர் வாங்கிய அடுத்த வருஷமே, 2025-ல், கரீகாவில் இருந்த குட்இயர் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். அந்த ஊரில் எத்தனை வீட்டு அடுப்பு அதை நம்பி எரிந்ததோ. என் அளவும் வகையும் விலையும் சேர்ந்து அமைந்தது ஓர் இறக்குமதி டயரில்தான். உள்நாட்டில் அமைந்திருந்தால் இன்னும் நூறு ராண்ட் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

டயரின் விலையில் ஒரு சுற்றுச்சூழல் தீர்வையும் அடங்கியிருக்கிறது. 2017-ல் கிலோவுக்கு 2.30 ராண்ட் என்று கொண்டுவந்தார்கள். பத்துப் பதினொரு கிலோ டயருக்கு இருபத்தைந்து ராண்ட் வரும், முடிவை மாற்றுகிற தொகை இல்லை.

மாட்டும் அன்று பார்த்தவை

டயர் வந்ததும் மாட்டுவதற்கு முன் தேதி பார்த்தேன். பக்கச்சுவரில் நீள எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். முழு வரிசையும் ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருக்கலாம், மாட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் டார்ச்சோடு கீழே படுக்க வேண்டும். என்னுடையவை மூன்றில் 2824, அதாவது 2024-ல் 28-ஆவது வாரம். நான்காவதில் 1522. இரண்டு வருஷம் கிடங்கில் கிடந்தது.

“அண்ணா, இது ஒன்று மட்டும் பழசு.”

“அட, நான் பார்க்கவே இல்லை தம்பி.” உடனே எடுத்து வைத்துவிட்டு வேறு வரவழைத்தார். இரண்டு நாள் தாமதம். கிடங்கில் ஒழுங்காக வைத்திருந்தால் இரண்டு வருஷத்தில் டயர் கெட்டுவிடாது, ஆனால் நான்கும் ஒரே வயதாக இருக்க வேண்டும் என்று காசு கொடுக்கிறவன் கேட்கலாம்.

அவரிடம் அலைன்மென்ட் இயந்திரம் இல்லை. மாட்டுவது, பேலன்சிங், அலைன்மென்ட் மூன்றையும் வேறொரு இடத்தில் செய்தேன். புது வால்வும் சேர்த்து மொத்தச் செலவு 7,940 ராண்ட்.

மறுநாள் என்3-ல் 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. 85-ல் கை அதிர்ந்தது. ஜிம்னிக்கு முன்னாலும் முழு இரும்பு அச்சு, ஒரு சக்கரத்தில் சின்னக் குறை இருந்தாலும் அது ஸ்டீயரிங்குக்கு வந்துவிடும். கேட்டவர்கள் எல்லோரும் ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் டாம்பரை மாற்று, சக்கரம் திரும்பும் இடத்துக் கிங்பின் பேரிங்கை மாற்று என்றார்கள். நேற்றுவரை இல்லாத நடுக்கம் இன்று வந்தால், நேற்று என்ன மாற்றினோம் என்றுதானே முதலில் பார்க்க வேண்டும்?

வாசலில் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கினேன். ரிம்மும் டயரும் சேரும் இடத்தை ஒட்டி, பக்கச்சுவரில் நூல் மாதிரி ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். டயர் ரிம்மில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்று முழுக்க ஒரே அளவு இருக்கும். விரலை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினேன். வலது முன் சக்கரத்தில் ஓர் இடத்தில் கோடு ரிம்முக்குள் முங்கிப்போனது. டயர் அங்கே சரியாக உட்காரவில்லை. மாட்டிய இடத்துக்கே திரும்பப் போனேன். காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்று ஏற்றி உட்கார வைத்தார்கள், ‘டப்’ என்று சத்தம் கேட்டது. பேலன்சிங்கும் மறுபடி பார்த்தார்கள். நடுக்கம் போய்விட்டது. டாம்பர் வாங்கவில்லை.

சக்கர நட்டுகளை 80 கி.மீ. ஓடிய பிறகு நானே மறுபடி இறுக்கிப் பார்த்தேன். ஒன்று கால் திருகு வாங்கியது.

பதினான்கு மாதம் கழித்து

காற்று இப்போது நான் வைத்திருப்பது 1.9 பார், சாமான் நிறைய ஏற்றினால் பின்னால் மட்டும் கொஞ்சம் கூட்டுவேன். டயர் ஆறியிருக்கும்போது வீட்டில் என் சொந்த மீட்டரில்தான் பார்க்கிறேன். பங்க்கில் சூடான டயரில் பார்த்தால் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். 8,000 கி.மீ.க்கு ஒரு தடவை முன்னும் பின்னும் மாற்றுகிறேன்.

21,000 கி.மீ. ஓடியபின் நடுவில் 7.4, ஓரங்களில் 7.3. எல்லா இடமும் ஒன்றாகத் தேய்ந்திருக்கிறது. 2.2 மில்லிமீட்டர் போயிருக்கிறது, இதே வேகத்தில் என் 3 மில்லிமீட்டர் கோடு வர மொத்தம் 63,000 கி.மீ. பிடிக்கும். ஒரு பஞ்சர்கூட இல்லை. டவுன் ஹில்லில் அதே மாதிரி மழையில் பல தடவை இறங்கிவிட்டேன்.

போன ஏப்ரலில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மச்சினன் வந்திருந்தபோது, லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் மலைக்கணவாயான சானி பாஸ் ஏறினோம். தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியில் நாலு சக்கர இழுவை இல்லாத வண்டியை மேலே விடமாட்டார்கள். உச்சியில் லெசோத்தோ சாவடி 2,876 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே சாவடிக்கு முன் 1.4 பாருக்கு இறக்கினேன். கடைசிக் கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டு ஓடுகிற கற்கள் மேல் டயர் பிசைந்து பிடிப்பது கையில் தெரிந்தது. எல்.டி. டயர் போட்டு அதே காற்றில் வந்த இன்னொரு ஜிம்னி எங்களுக்கு முன்னால் தத்தித் தத்தி ஏறியது. குளிர்காலத்தில், பனி உறைந்த நாளில் அந்த வழிக்கு இந்த டயரை நம்பிப் போகமாட்டேன். பனி ரோட்டுக்குச் சோதித்த டயர் என்பதற்கு அடையாளமான, மூன்று மலைமுகடும் பனிப்பூவும் போட்ட முத்திரை என் டயரில் கிடையாது, அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

செலவுப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பழைய டயரில் நூறு கிலோமீட்டருக்கு 7.4 லிட்டர், இப்போது 7.8. ஏ.டி. பட்டன் ஒரு காரணம், காற்றைக் குறைத்தது இன்னொரு காரணம். 21,000 கி.மீ.க்கு 84 லிட்டர் கூடுதல். லிட்டர் 21 ராண்ட் என்று வைத்தால் 1,764 ராண்ட், அதாவது கிட்டத்தட்ட ஒரு டயரின் விலை. இதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்காதது என் தவறு. சேர்த்திருந்தாலும் ஜல்லி ரோட்டுக்காக ஏ.டி.தான் வாங்கியிருப்பேன். ஆனால் தார் ரோட்டுக்காரருக்கு எச்.டி. என்று மேலே சொன்னேனே, அது வெறும் அபிப்பிராயம் இல்லை, இந்த 1,764 ராண்ட் அதைத்தான் சொல்கிறது.

மிச்சம் இருந்தது ஸ்டெப்னி. பின் கதவில் தொங்கும் ஐந்தாவது சக்கரம். நான்கு வாங்கியபோது அதற்குக் காசு இல்லை. வண்டியோடு வந்த ஸ்டெப்னி தரையையே தொட்டதில்லை, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று விட்டேன். பஞ்சரானால் அதை முன் அச்சில் மட்டும் போடுவது, பின்னால் பஞ்சர் என்றால் முன் சக்கரத்தைப் பின்னால் கொண்டுபோய் ஸ்டெப்னியை முன்னால் மாட்டுவது, 4எச் போடாமல் மெதுவாக வீட்டுக்கு வருவது என்று உதவியாளர் தம்பியிடமும் சொல்லி வைத்திருந்தேன். இந்த ஜனவரியில் பணம் வந்ததும் அதே ரகத்தில் ஐந்தாவதை வாங்கினேன்.

கழற்றிய ஸ்டெப்னியில் தேதி 4618. ஏழு வருஷம் வெயிலில் தொங்கியிருக்கிறது. பட்டன் முழுசு, அச்சில் வார்த்தபோது நிற்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் பக்கச்சுவரில் மயிரிழை மாதிரி வெடிப்பு, வரிசையாக. கடை வாசலிலேயே ஒருவர் 600 ராண்டுக்குக் கேட்டார். தம்பி என் முகத்தைப் பார்த்தார். “அண்ணா, கத்தி இருக்கிறதா?” என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்து வந்து, டயரைக் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டு, பக்கச்சுவரை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்தார். அதன் பிறகுதான் அதைப் பழைய டயர் குவியலில் போட விட்டேன்.